பள்ளியின் கவர்னராக இருப்பது

கிழக்கு லண்டனில் என் பிள்ளைகள் படிக்கும் அரசுத் தொடக்கப்பள்ளியில், பெற்றோர் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த கவர்னராக மூன்றாண்டுகளாக இருக்கிறேன். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் என்பதால் முதலில் விளக்கிவிடுகிறேன். இது ஊதியமில்லாத பொறுப்பு. இங்கிலாந்தில் கவுன்சிலின், அதாவது உள்ளாட்சி மன்றத்தின், கீழுள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் குறைந்தது 7 பேர் கொண்ட கவர்னர் குழு வேண்டும். அவர்களில் இருவராவது பெற்றோர் சார்பில் வந்தவர்களாக இருக்க வேண்டும். பள்ளி போகும் திசையை வகுப்பதும், பிள்ளைகளின் கல்விக்குத் தலைமையாசிரியரைப் பதில் சொல்ல வைப்பதும், பணம் முறையாகச் செலவாகிறதா என்று பார்ப்பதும் குழுவின் வேலை. அன்றாட நிர்வாகம் தலைமையாசிரியருடையது. அதில் நாங்கள் கைவைக்கக் கூடாது.

சிக்கல் எங்கே என்றால், குழுவின் முன் வரும் அறிக்கையைப் பெரும்பாலும் அந்தத் தலைமையாசிரியரே எழுதுகிறார். என் முதலாண்டில் வருகைப்பதிவின் சராசரி நன்றாக இருந்தது. எல்லோரும் பாராட்டிவிட்டு அடுத்த பொருளுக்குப் போனோம். மறு பருவத்தில், குடும்ப வருமானம் குறைவு என்பதால் இலவச மதிய உணவுக்குத் தகுதிபெற்ற பிள்ளைகளின் வருகையைத் தனியே பிரித்துத் தர முடியுமா என்று கேட்டேன். பிரித்தபோதுதான், அவர்களில் சிலர் வாரத்தில் ஒரு நாளாவது வராமலிருந்தது தெரிந்தது. யாரும் எதையும் மறைக்கவில்லை, ஆனால் அதுவரை யாரும் கேட்கவுமில்லை. அன்று தலையசைத்தவர்களில் நானும் ஒருத்தி என்பது இன்றும் உறுத்துகிறது.

பெற்றோருக்கு இந்த இடம் எளிதில் வந்துவிடவில்லை. 1970களின் நடுவில் லண்டனின் இஸ்லிங்டன் பகுதியிலுள்ள வில்லியம் டிண்டேல் பள்ளியில், கற்பித்தல் முறையைக் கண்டு கவலையுற்ற பெற்றோர் பிள்ளைகளை வேறு பள்ளிகளுக்கு மாற்றினார்கள். அந்நாளில் 'மேனேஜர்கள்' எனப்பட்ட மேற்பார்வைக் குழுவினருக்கும் ஆசிரியர்களுக்கும் மோதல் முற்றியது. தலையிட வேண்டிய லண்டன் கல்வி ஆணையமோ தயங்கி நின்றது. இதைப் பற்றி வழக்கறிஞர் ராபின் ஆல்ட் நடத்திய விசாரணையின் அறிக்கை 1976இல் வெளியானது. மறு ஆண்டு, பள்ளி நிர்வாகத்தை ஆராய அரசு அமைத்த டெய்லர் குழு, கவர்னர் குழுவில் பெற்றோருக்குச் சமபங்கு வேண்டும் என்றது. 1980ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அவர்களுக்கு உரிய இடத்தை உறுதி செய்தது.

அந்த இடம் மீண்டும் சுருங்குவதாகவே எனக்குத் தோன்றுகிறது. அகாடமி என்பது அரசு நிதியில், ஆனால் கவுன்சிலின் கீழ் வராமல் இயங்கும் பள்ளி. அத்தகைய பல பள்ளிகளை ஒன்றாக நடத்தும் அறக்கட்டளைகளில் முடிவெடுப்பது மைய வாரியம். அது விட்டுக்கொடுத்த அளவுக்கே உள்ளூர்க் குழுவுக்கு அதிகாரம். எங்கள் பள்ளியையும் அப்படியோர் அறக்கட்டளையில் சேர்க்கும் பேச்சு எழுந்திருக்கிறது. சேர்ந்த பிறகு தலைமையாசிரியரை நியமிப்பதிலும் வரவு செலவிலும் எங்களிடம் என்ன மிஞ்சும் என்பதை எழுத்தில் தருமாறு அடுத்த கூட்டத்தில் கேட்கப்போகிறேன். பதில் வரும்வரை என் வாக்கைத் தரமாட்டேன்.