எழுத்துதானே என்று சொல்லாதீர்கள்

சிங்களத்திலும் தமிழிலும் எழுதிய ஒரு பலகையின் படத்தை, தமிழ் எழுத்துரு மோசம் என்று நேற்று போட்டேன். அதன் கீழே, "விஷயம் விளங்கினால் போதாதா, எழுத்துருவுக்கெல்லாம் சண்டையா?" என்று கேட்டவர்களுக்கு இது. போதாது.

படத்தை இன்னொரு தடவை பெரிதாக்கிப் பாருங்கள். சிங்களம் நிமிர்ந்து நிற்கிறது. தமிழை மேலும் கீழும் நசுக்கி, மிஞ்சிய இடத்தில் இழுத்து விட்டிருக்கிறார்கள். 'கொட்டகலை' என்ற ஊர்ப் பெயரில் கொம்பு தனியே நிற்க, பக்கத்தில் எழுத்து சேராதபோது கணினி காட்டும் ஒரு புள்ளி வட்டம். படிப்பதற்கு முன்பே அது சொல்லிவிடுகிறது: உங்களுக்கு இது போதும்.

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஓர் அச்சகத்தில் பதினொரு வருடம் பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்தவன் நான். எந்த எழுத்து எதைச் சொல்லும் என்று எனக்குத் தெரியும். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர், நன்றாக வாசிப்பார். ஒரு நாள் அடுப்பு மூட்ட ஒரு துண்டறிக்கையைச் சுருட்டினார். எட்டிப் பிடுங்கினேன். வீட்டுத் திட்டத்துக்குப் பெயர் பதியும் அறிவித்தல், மறுநாள் கடைசி நாள். கல்யாண அட்டைக்குப் போடும் வளைந்த எழுத்தில் அடித்திருந்தார்கள். "நகைக்கடை நோட்டீஸ்னு நெனச்சேன்டா" என்றார். அவர் மேல் என்ன பிழை?

2012இல் அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் எரோல் மொரிஸ் ஒரே கூற்றை நியூயோர்க் டைம்ஸ் இணைய வாசகர்களுக்கு வெவ்வேறு எழுத்துருக்களில் காட்டினார். சுமார் 45,000 பேர் பதில் சொன்னார்கள். பாஸ்கர்வில் என்ற எழுத்துருவில் படித்தவர்களே அதைக் கூடுதலாக நம்பினார்கள். வித்தியாசம் சிறியதுதான், சரி. ஆனால் இருந்தது.

எழுத்து அற்ப விஷயமென்றால், எழுத்துரு விற்கும் மோனோடைப் நிறுவனம் ஏன் 2006இல் லைனோடைப், 2021இல் ஹோஃப்லர் என்ற வேறு எழுத்துரு நிறுவனங்களை வாங்கியது? இடையில் 2019இல் மோனோடைப்பையே ஒரு முதலீட்டு நிறுவனம் சுமார் 825 மில்லியன் டொலர் கொடுத்து வாங்கியது. உலகத்தில் எழுத்தின் வடிவத்துக்கு இப்படி விலை பேசுகிறார்கள். இங்கே கணினியில் முதலில் கண்ணில் பட்டதுதான் நம் தமிழ்.

"நல்ல எழுத்துருவுக்குக் காசு வேண்டாமா?" வேண்டாம். கூகுள் வெளியிட்ட நோட்டோ என்ற எழுத்துருவில் தமிழ் இருக்கிறது, இலவசம்.

"சம்பளம், லயம் என்று ஆயிரம் பிரச்சினை இருக்கும்போது இதுவா?" லயத்தில், தோட்டத் தொழிலாளரின் அந்த வரிசை வீட்டில், பிறந்தவனிடம் லயத்தைப் பற்றிச் சொல்லாதீர்கள். காணி உறுதியும் எழுத்தில்தான் வரும். சம்பளச் சீட்டும் எழுத்தில்தான் வரும். 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. இத்தனை வருடம் கழித்தும் ஒரு கொம்பைச் சேர்த்து எழுதக் கெஞ்ச வேண்டுமா? அதைக் கேட்டால் நம்மவர்களே சிரிப்பதுதான் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை பலகையைத் திருத்தக் கேட்டுக் கடிதம் கொடுக்கப் போகிறேன். கையெழுத்துப் போடுகிறவர்கள் பத்து மணிக்கு முன் பலகையடிக்கு வாருங்கள். அம்மாவும் வருகிறார்.