குடுத்து வெச்சவளாம் நான்!

"உனக்கென்னடி, குடுத்து வெச்சவ!"

நேத்து சாயந்திரம் எங்க பெரியப்பா மக கோயமுத்தூர்ல இருந்து கார்ல வந்து இறங்கி, செருப்பைக்கூடக் கழட்டாம சொன்ன முதல் வார்த்தை இது. அப்புறம் ஓட்டு வீட்டை நாலு பக்கமும் சுத்திச் சுத்திப் போட்டோ எடுத்தா. திண்ணையில சாஞ்சு ஒண்ணு, தூணைக் கட்டிப் பிடிச்சு ஒண்ணு. ஆசாரத்து, அதாவது கூடத்து, நடுவுல இருந்த பித்தளை அண்டாவைப் பார்த்து, "எவ்வளவு ரசனையா வெச்சிருக்கே!"ன்னா. ரசனைக்கு வெக்கலைங்க. மேல ஓடு ஒழுகுது. அண்டா பாதி ரொம்பியிருந்துச்சு.

"ஏசியே வேண்டாம் போல, காத்து என்னமா வருது!" இது அடுத்தது. வரும் தாயே, வரும். பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் எதிர்ல, கேரள எல்லையில இருக்கற கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் தென்னந்தோப்புக்குள்ள குடியிருந்தா ஆனி மாசம் காத்து வராம காசா வரும்? மேற்குத்தொடர்ச்சி மலை முழுக்க அடைச்சுக்கிட்டு நிக்குது, நடுவுல இந்தக் கணவாய்தான் பெரிய திறந்த ஜன்னல். அரபிக்கடல் காத்து மொத்தமும் அது வழியா நுழைஞ்சு எங்க ஓட்டு மேல வந்து மோதுது. இதே காத்துல உடுமலைப் பக்கம் காத்தாடி போட்டுக் கரண்ட் எடுக்கறாங்க. எங்க வீட்லயும் எடுக்குது. ஒருதரம் எடுத்தா மறுநாள்தான் திரும்பி வருது.

நாங்க இங்க குடி வந்து இருபது நாள்தான் ஆச்சு. சரி, மழை தொடங்கற நேரத்துலயா ஒருத்தி குடி வருவான்னு கேப்பீங்க. அது அத்தையோட பஞ்சாங்கம். "ஆனி அடியிடாதே, கூனி குடிபுகாதே"ம்பாங்க. கூனின்னா பங்குனி. அதனால பங்குனி போச்சு. சித்திரையில ஓடு மாத்தற ஆள் கிடைக்கலை. ஆனி ஆகாது, ஆடி பத்திப் பேச்சே எடுக்கக் கூடாது, ஆவணி வரைக்கும் காத்திருந்தா பசங்களுக்குப் பள்ளிக்கூடம் பாதி ஓடியிருக்கும். மிச்சம் வைகாசி. அதுலயும் கடைசி வெள்ளிக்கிழமை. அதாவது ஜூன் ரெண்டாவது வாரம். ஜூன் 1-ஐ ஒட்டிக் கேரளாவுல பருவமழை இறங்கும்னு எங்க நாலாவது படிக்கற பையனுக்குக்கூடத் தெரியும். பஞ்சாங்கத்துக்குத் தெரியலை.

குடி வந்த அன்னிக்குக் காலையில ஆறு மணிக்குப் பால் காய்ச்சியாச்சு. ஒம்பதரைக்குச் சாமானோட குட்டியானை வண்டி வந்துச்சு. பத்தரைக்கு ராகு காலம், அதுக்குள்ள முக்கியமான சாமான் ஒண்ணாவது வீட்டுக்குள்ள போயிரணும்னு மாமா உத்தரவு. முக்கியமான சாமான் எது? எங்கம்மா வீட்டுச் சீர் பீரோ. ஆறரை அடி உசரம், மூணடி அகலம், கதவு முழுக்கக் கண்ணாடி.

எங்க நிலவு, அதாவது வாசக்கால், அஞ்சேகால் அடி. அந்தக் காலத்துல குனிஞ்சு வணக்கமா உள்ள வரணும்னு வெச்சாங்களாம். இருபது நாள்ல எங்க வீட்டுக்காரர் நெத்தி வணங்கி வணங்கியே புடைச்சுப் போச்சு.

பீரோவைப் படுக்க வெச்சுத் தள்ளலாம்னாங்க. கண்ணாடி கீழ பார்த்த மாதிரி படுக்க வெச்சாங்க. பாதி உள்ள போச்சு. அங்கதான் வந்துச்சு சனி. நிலவைத் தாண்டி நாலடியில நேரா ஒரு சுவர். வெளியாள் கண்ணு உள்ள படக்கூடாதுன்னு பெரியவங்க யோசிச்சுக் கட்டின சுவராம். கண்ணு மட்டும் இல்லை, பீரோவும் உள்ள போகாத மாதிரி யோசிச்சிருக்காங்க. தலை சுவத்துல முட்டி நிக்குது. நிமுத்தலாம்னா மேல அட்டம், அதாவது பரண், இடிக்குது. சரி, பின்னால இழுங்கப்பான்னா கைப்பிடி வாசப்படிக் கட்டையில மாட்டிக்கிச்சு. முன்னாலயும் போகலை, பின்னாலயும் வரலை. வாசலை அடைச்சுக்கிட்டுப் பொணமாட்டம் கிடக்குது.

இப்பக் கணக்குப் பாருங்க. நான், வீட்டுக்காரர், மாமா, பசங்க, ஒரு லோடுமேன் வெளிய. அத்தையும் இன்னொரு லோடுமேனும் உள்ள. பொடக்காளிக் கதவு, அதாங்க கொல்லைப்பக்கக் கதவு? பூட்டியிருக்கு. சாவி? முந்தின நாள் ராத்திரி "தொலைஞ்சிரக் கூடாது"ன்னு நானே பத்திரமா வெச்சேன். எங்க? பீரோ லாக்கர்ல.

இதை நான் சொன்ன உடனே எங்க வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார் பாருங்க ஒரு பார்வை. பதினாலு வருசக் கல்யாண வாழ்க்கையில அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை.

ஜன்னல் கம்பிக்குள்ள இருந்து அத்தை குரல்: "பால் ஆறுது, ஒருத்தரும் குடிக்கலையே!"

நம்ம ஊர்ல ஒரு விசேசம் உண்டு. தேங்காய் பறிக்க ஆள் வேணும்னு பத்து நாள் அலைஞ்சாலும் ஒருத்தன் கிடைக்க மாட்டான். ஒரு பீரோ மாட்டிக்கிச்சுன்னா பத்து நிமிசத்துல பதினஞ்சு பேர் வந்துருவாங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு வந்து நின்னார். "ஏனுங் அம்மிணி, சோத்தாங்கைப் பக்கம் சாச்சாப் போயிருமுங்." சாச்சாங்க. போகலை. அவரோட மச்சினன் வந்தார். "எந்த மடையன் சோத்தாங்கைப் பக்கம் சாய்க்கச் சொன்னது? நொட்டாங்கைப் பக்கம் சாயுங்க." மடையன் பக்கத்துலயேதான் நிக்கறார். ரெண்டு பேருக்கும் வாய்த்தகராறு. எப்பவோ நடந்த வரப்புத் தகராறு வரைக்கும் போயிருச்சு பேச்சு. பீரோவை யாரும் தொடலை. பத்தரை ஆச்சு. ராகு காலம் பொறந்துச்சு. "இனி பன்னெண்டு வரைக்கும் யாரும் கை வெக்காதீங்க"ன்னு மாமா கட்டில்ல உக்காந்துட்டார். உள்ள இருந்த லோடுமேனுக்கு ஜன்னல் வழியா டீ குடுத்தோம். அவர் கம்பிக்கு அந்தப் பக்கம் ஜெயில்ல இருக்கற மாதிரி வாங்கிக் குடிச்சுட்டு, "அக்கா, மணிக்கணக்குக்குக் கூலி பேசிக்கலாமா?"ன்னார்.

பன்னெண்டு மணிக்கு செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கத்துல இருந்து ஆசாரி ஒருத்தர் டிவிஎஸ்ல வந்தார். வந்து பார்த்தார், காதுல இருந்த பென்சிலை எடுத்தார், நிலவுல ஒரு கோடு போட்டார். "பேடிக்கண்டா சேச்சி. கட்டிளைய ரெண்டு இஞ்சு அறுத்தா மதி." பயப்பட வேண்டாம், நிலவை ரெண்டு இஞ்சு அறுத்தாப் போதும்ங்கறார்.

மாமா கட்டிலை விட்டு எழுந்தார். "எங்க அப்பாரு வெச்ச நிலவு. மொதல்ல என்னைய அறுத்துட்டு அதை அறுங்க!"

ஆசாரி பென்சிலைத் திரும்பக் காதுல சொருகிட்டார். அம்பது ரூபா பெட்ரோல் காசு மட்டும் வாங்கிட்டுப் போனார். அந்தக் கோடு இன்னும் நிலவுல இருக்கு. மாமா போகும்போதும் வரும்போதும் அதை எச்சில் தொட்டுத் தேய்ச்சுப் பார்க்கறார்.

கடைசியில செக்கு எண்ணெய் ரெண்டு சொம்பு ஊத்தி, கடப்பாரையை அடியில விட்டு நெம்பினாங்க. 'டணார்'னு ஒரு சத்தம். கைப்பிடி முறிஞ்சு பீரோ பின்னால வழுக்கி வெளிய வந்துச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. எதுக்குத் தட்டறாங்க? காலையில ஒம்பதரைக்கு எங்க இருந்துச்சோ ஒன்றரைக்கு அங்கயேதான் இருக்கு! அப்பத்தான் முதல் சொட்டு விழுந்துச்சு. அப்புறம் கொட்டித் தீர்த்துருச்சு. மெத்தை, பசங்க நோட்டு, துவரம்பருப்பு, மூணும் குட்டியானையிலேயே ஊறிப் போச்சு.

பீரோ திண்ணையிலதான் நிக்குது, இன்னிக்கு வரைக்கும். கைப்பிடி இல்லாததால ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பித் திறக்கறேன். காலையில சேலை எடுக்கணும்னா பால்காரர், தேங்காய் உரிக்கறவங்க, வழியில போற மாடு, எல்லார் முன்னாலயும் நின்னு எடுக்கணும். எங்கிட்ட எத்தனை பட்டுச்சேலை இருக்குன்னு இப்ப ஊருக்கே தெரியும்.

மத்ததெல்லாம் சொல்லத் தொடங்கினா விடிஞ்சிரும். கட்டை ஒயரிங், மிக்சி போட்டா லைட் மங்கும், மிக்சியும் மோட்டாரும் சேர்ந்து ஓடினா பியூஸ் போகும். சட்னி வேணுமா, குளிக்கத் தண்ணி வேணுமான்னு தினம் வீட்ல ஓட்டெடுப்பு. போன் இன்னொரு கூத்து. 1956 நவம்பர் 1-ஆம் தேதியே இது மெட்ராஸ் மாநிலம் (இப்பத் தமிழ்நாடு), அது கேரளான்னு பிரிச்சாச்சு. அந்தச் சேதி எங்க போனுக்கு மட்டும் போய்ச் சேரலை. சமையல்கட்டுல இருந்தா தமிழ்நாடு, திண்ணைக்கு வந்தா கேரளாவுக்கு நல்வரவு. உளுந்து ஊறப் போட்டுட்டு வெளிய வந்தா மாநிலம் மாறிடறேன். சிலிண்டர் கொண்டு வர்ற தம்பி மேப்பைப் பார்த்துட்டு, "அக்கா, நீங்க கேரளாவுல இருக்கீங்க, நாங்க அங்க வர்றதில்லை"ன்னு போன் பண்றான். நான் வீட்டுக்குள்ளதான் இருக்கேன்டா தம்பி!

இத்தனையும் அக்காகிட்ட ஒண்ணு விடாமச் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, பீரோவைத் தடவிப் பார்த்து, "திண்ணையில பீரோ வெக்கணும்னு உனக்கு எப்படித் தோணுச்சு? வித்தியாசமா இருக்குடி"ன்னு அதையும் ஒரு போட்டோ எடுத்தா.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. வேற என்ன வரும்? போகும்போது அம்பது தேங்காயும் வாங்கிட்டுப் போனா. காசு? அக்கா தங்கச்சிக்குள்ள காசா?

அதெல்லாம் போகட்டும். இந்த மயில் இருக்கே மயில்! 1963-ல இதைத் தேசியப் பறவை ஆக்கினவங்க ஒரே ஒரு நாள் எங்க ஓட்டுக்கு அடியில படுத்துப் பார்த்திருக்கணும். விடியக்கால நாலு மணிக்குத் தொண்டை கிழியக் கத்துது. ஓட்டு மேல ஓடி ஓடி, காத்து விட்டுவெச்ச ஓட்டையும் தள்ளி விடுது. தக்காளி நாத்து ஒண்ணு மிச்சமில்லை. கை வெச்சா கேஸு. இதுல ஒரு வாரமா புதுப் பழக்கம் ஒண்ணு. திண்ணைக்கு வந்து பீரோக் கண்ணாடியில தன்னையே பார்த்துட்டு, எவனோ பங்காளி வந்துட்டான்னு டொக்கு டொக்குன்னு கொத்துது. எங்கம்மா சீர்ல இனி மிஞ்சினது அந்தக் கண்ணாடி ஒண்ணுதான்.

மாமாவோட பழைய வேட்டியைக் கண்ணாடிக்குக் கட்டி விட்டிருக்கேன். இப்ப நான் தலை வாரணும்னா திண்ணையில நின்னு வேட்டியைத் தூக்கிப் பார்க்கணும். இன்னிக்குக் காலையில பால்காரர் அதையும் பார்த்துட்டார்.