பள்ளிக்குக் கழிப்பறை கட்டிய கம்பெனியை விட்டு ஏன் ஆட்கள் போகிறார்கள்?

எச்.ஆர். வேலையில் பல வருஷமாக ராஜினாமாக் கடிதங்களை வாங்கிக்கொண்டிருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். கம்பெனி ஊருக்கு நல்லது செய்தால் வேலையாட்கள் பெருமைப்பட்டுத் தங்கிவிடுவார்கள் என்று நிர்வாகங்கள் நினைக்கின்றன. தங்குவார்கள்தான், அந்த நல்லதை அவர்கள் நம்பினால்.

2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் நிகர லாபம் பார்க்கும் கம்பெனிகூட, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு, அதாவது சிஎஸ்ஆருக்குச் செலவிட வேண்டும். சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படுகிற செலவு இதில் சேராது. நியாயமான விதி. இல்லாவிட்டால் கேன்டீன் பில்லைக்கூட சிஎஸ்ஆர் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் தனித்தனிக் கணக்கெல்லாம் அக்கவுண்ட்ஸ் ஆட்களுக்கு. ஷிப்டில் நிற்பவருக்குக் கம்பெனி ஒன்றுதான்.

முன்பு நான் இருந்த ஒரு இடத்தில் அரசுப் பள்ளிக்குக் கழிப்பறை கட்டிக் கொடுத்தோம். அருமையான காரியம், பிள்ளைகளுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது. திறப்பு விழாவுக்கு, விடுமுறையான சனிக்கிழமையில் எல்லாருக்கும் டீ-ஷர்ட் கொடுத்து பஸ் ஏற்றினார்கள். அதற்கு ஈடாக வேறொரு நாள் விடுப்பு (காம்ப்-ஆஃப்) கிடையாது. பிளான்ட்டிலோ, கான்ட்ராக்ட் பெண்கள் பயன்படுத்தும் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கொஞ்ச நாளில் ஒரு இளம் இன்ஜினியர் பேப்பர் போட்டார். வேலையை விடும்போது நிரப்பும் எக்ஸிட் படிவத்தில், காரணம் 'நல்ல வாய்ப்பு' என்று எழுதியிருந்தார். பேச்சுக் கொடுத்தபோதுதான் கேட்டார்: "மேடம், அந்தத் தாழ்ப்பாள் என்ன விலை வரும்?"

அவருக்குச் சம்பளத்தில் குறை இல்லை. பள்ளியில் செய்ததுகூட போட்டோவுக்காகத்தான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அப்படி ஒருமுறை தோன்றிவிட்டால், அடுத்த இடத்தில் இரண்டாயிரம் ரூபாய் கூடக் கிடைத்தாலும் போதும், கிளம்பிவிடுவார்கள்.

டாடா ஸ்டீல் 1912லேயே எட்டு மணி நேர வேலையைக் கொண்டுவந்தது. வாரத்துக்கு 48 மணி நேரம், அதாவது ஆறு நாளுக்குச் சராசரி எட்டு மணி நேரம் என்ற வரம்பு இந்தியத் தொழிற்சாலைச் சட்டத்தில் வந்தது 1940களில்தான். அந்தப் பெயர் இன்றுவரை நிற்பதற்கு, முதலில் உள்ளே இருப்பவர்களைக் கவனித்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சட்டப்படி சிஎஸ்ஆர் கமிட்டியில் உட்காருபவர்கள் இயக்குநர்கள். சரி, அது அப்படியே இருக்கட்டும். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் ஷாப் ஃப்ளோரில் மெஷின் முன் நிற்பவர்களிடமும் கான்ட்ராக்ட் ஆட்களிடமும் ஒரு வார்த்தை கேட்கலாமே? எந்தப் பள்ளிக்கு, எந்த ஏரிக்கு உதவி தேவை என்று அந்த ஊரிலிருந்தே வேலைக்கு வருகிறவர்களுக்குத் தெரியும். பிளான்ட்டுக்குள் என்ன உடைந்துகிடக்கிறது என்பதையும் அவர்களே சொல்வார்கள். அதைச் சரிசெய்ய சிஎஸ்ஆர் பணமும் வேண்டாம், போர்டு அனுமதியும் வேண்டாம்.