கேமரா பாடியின் எடை மட்டும் போதாது

"ஏ7சி 509 கிராம்தான், இனி மலையேற்றத்துக்கு ஃபுல் ஃப்ரேம் பாரமே இல்லை" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள் நண்பரே. சோனி ஏ7சி கேமராவுக்கு அந்த எண் சரிதான், பேட்டரியும் கார்டும் சேர்த்த பாடியின் (லென்ஸ் இல்லாத கேமராவின்) எடை. ஃபுல் ஃப்ரேம் என்றால் பழைய 35 எம்.எம். ஃபிலிம் அளவுள்ள பெரிய சென்சார். ஆனால் தோளில் தொங்குவது பாடி மட்டும் இல்லையே.

நீங்கள் பரிந்துரைக்கும் சோனியின் 24-70 எம்.எம். எஃப்2.8 ஜிஎம் 2 ஜூம் லென்ஸே 695 கிராம். இரண்டும் சேர்ந்தால் 1.2 கிலோ. அதே பாடியில் சின்ன 28-60 லென்ஸைப் போட்டால் சுமார் 676 கிராமில் முடியும். அப்போது உங்கள் வாதம் நிற்கும். ஆனால் அது 60 எம்.எம்.மில் எஃப்5.6 தான், எஃப்2.8 அளவுக்கு வெளிச்சத்தை உள்ளே விடாது.

இன்னும் சிறிய சென்சார் கொண்ட ஓஎம்-5 கேமராவின் பாடி 414 கிராம், 12-45 எஃப்4 லென்ஸ் 254. மொத்தம் 668. ஃபுல் ஃப்ரேமில் 24-90 எம்.எம். லென்ஸ் தரும் கோணத்துக்கு இணையாகக் கிடைக்கும், இரண்டுமே தூறலைத் தாங்கும். இருட்டில் ஃபுல் ஃப்ரேம் அளவுக்குச் சுத்தமான படம் வராது என்பது உண்மை. நட்சத்திரங்களை எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் கூடுதல் எடை நியாயமே.

பகல் காட்சிகள் மட்டும் போதும் என்பவருக்கு லென்ஸோடு சேர்த்தே 257 கிராம் உள்ள ரிக்கோ ஜிஆர் 3 என்ற சின்ன கேமரா இருக்கிறது. ஆனால் மழை, தூசிப் பாதுகாப்பு கிடையாது, ஒரு சார்ஜுக்குச் சுமார் 200 படங்கள்தான். குளிரில் இன்னும் குறையும். அப்புறம், கூடுதல் பேட்டரிகளையும் எடைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.