மரத்துக்கு 18, எனக்கு 10

(ஜப்பானின் ஷிகோகு தீவில் உள்ள கோச்சி நகரம். நவம்பர் மாதத்துச் சாயங்காலம். சாகே என்ற அரிசி மதுவும் மற்ற மதுக்களும் விற்கிற தெருமுனைக் கடையை நடத்துகிறவர் ஹருகோ. கென்ஜி ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். விரலெல்லாம் பிளாஸ்திரியோடு, எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த யூசுப் பழம் ஒரு கூடை சுமந்துகொண்டு வருகிறார். கோச்சிக்காரர்கள் குடியில் கெட்டிக்காரர்கள் என்று ஜப்பான் முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சைக் காப்பாற்றுவதைக் கென்ஜி தன் கடமையாகவே வைத்திருக்கிறார்.)

ஹருகோ: என்ன கென்ஜி சான், பூனையோடு சண்டையா?

கென்ஜி: மரத்தோடு. யூசு முள் சும்மா விடுமா? மாமனார் விதை போட்டு வளர்த்த மரம். இந்த வருடம்தான் முதல் காய்ப்பு.

ஹருகோ: அவர் போய்ச் சேர்ந்தே எத்தனையோ வருடம் ஆயிற்றே!

கென்ஜி: பழமொழியே இருக்கிறதே. பீச்சுக்கும் கஷ்கொட்டைக்கும் 3 வருடம், பெர்சிமனுக்கு 8, மடையன் யூசுவுக்கு 18. ஒட்டுக்கன்று வாங்கி நட்டிருந்தால் நாலைந்து வருடத்தில் காய்த்திருக்கும். மனிதர் கஞ்சர், விதை போட்டார். சரி, 1.8 லிட்டர் சாகே பாட்டில் ஒன்று எடுங்கள். அரிசியில் மட்டும் செய்த ஜுன்மாய், அதிலும் இனிப்பில்லாத ரகம். பழத்தை உரித்து, கற்கண்டு போட்டு, சாகேயை ஊற்றி மூடிவிடப் போகிறேன். மனைவிக்கு யூசு சாகே வேண்டுமாம்.

ஹருகோ: அதற்கென்றால் தர மாட்டேன்.

கென்ஜி: காசு கொடுத்துத்தானே கேட்கிறேன்?

ஹருகோ: சட்டம் விடாது. வீட்டில் பழம் ஊற வைக்கிற மதுவில் 20 சதவீதத்துக்குக் குறையாமல் ஆல்கஹால் இருக்க வேண்டும். சாகேயில் 15, 16தான்.

கென்ஜி: அதாவது கடுமையானதில் ஊற வைத்தால் நல்ல குடிமகன், மிதமானதில் ஊற வைத்தால் குற்றவாளி!

ஹருகோ: ஆல்கஹால் குறைந்தால் பழத்துச் சர்க்கரை நொதித்து, ஜாடிக்குள்ளேயே புதிதாக ஆல்கஹால் உண்டாகலாம். அப்புறம் நீங்கள் பழம் ஊற வைத்தவர் இல்லை, லைசென்ஸ் இல்லாமல் மது தயாரித்தவர்.

கென்ஜி: என் மரம், என் ஜாடி, என் வாய். இதில் அரசாங்கம் எங்கே வந்தது?

ஹருகோ: வரியில் வந்தது. 10 ஆண்டு வரை சிறை, இல்லாவிட்டால் 10 லட்சம் யென் வரை அபராதம்.

கென்ஜி: (விரல் விட்டு எண்ணுகிறார்) மரத்துக்கு 18, எனக்கு 10. வெளியே வரும்போது எனக்கு 82.

ஹருகோ: நல்ல காய்ப்புக் காலமாகப் பார்த்து வாருங்கள்.

கென்ஜி: சாகே வேண்டாம், சமையலில் சேர்க்கிற இனிப்பு மது மிரின் ஊற்றினால்? அது அடுப்படிச் சாமான்தானே?

ஹருகோ: 2007இல் என்எச்கே டிவியின் சமையல் நிகழ்ச்சியில் பிளம் மாதிரியான உமே பழத்தை மிரினில் ஊற வைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அப்புறம் தவறு என்று தெரிந்து மன்னிப்புக் கேட்டார்கள்.

கென்ஜி: அவ்வளவுதானே? நான் முன்கூட்டியே கேட்டுவிடுகிறேன். (இடுப்பு வரை குனிகிறார்.)

ஹருகோ: நிமிருங்கள், பிடித்துக்கொள்ளப் போகிறது. பழம் மிஞ்சினால் டிசம்பரில் குளியல் தொட்டியில் மிதக்க விடுங்கள். வருடத்தின் மிகக் குறுகிய பகலன்று யூசுத் தண்ணீரில் குளித்தால் சளி பிடிக்காது என்பார்களே.

கென்ஜி: யூசுவோடு மனுஷன் ஊறலாம், சாகே ஊறக்கூடாதா?

ஹருகோ: 35 சதவீத வெள்ளை ஷோச்சு இருக்கிறது, காய்ச்சி வடித்த மது. அதில் ஊற வைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

கென்ஜி: அதில் அரிசி வாசனையே கிடையாதே.

ஹருகோ: அரிசி வாசனை வேண்டுமென்றால் சாகே ஆலை போட்டதையே வாங்குங்கள். சகாவா ஊரில் 1603இல் தொடங்கிய ஆலைகூட யூசு சாகே போடுகிறது. நாட்டில் விளைகிற யூசுவில் பாதி நம் கோச்சியில்தானே!

கென்ஜி: (ஒரு பாட்டிலைத் திருப்பிப் பார்த்து) பின்னால் லிக்யூர் என்று போட்டிருக்கிறதே. உள்ளே இருப்பது சாகேதானே?

ஹருகோ: சாகேதான். அதில் யூசு விழுந்துவிட்டால் சட்டத்துக்கு அது லிக்யூர், அதாவது கலப்பு மது.

கென்ஜி: கல்யாணமானதும் என் மனைவிக்குக் குடும்பப் பேர் மாறிய மாதிரி.

ஹருகோ: ருசி பாருங்கள். சைக்கிளிலா வந்தீர்கள்?

கென்ஜி: நடந்துதான். சைக்கிளுக்கும் சட்டம் இருக்கிறதே.

(ஹருகோ அடியில் தங்கிய யூசு கலங்கும்படி பாட்டிலை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துகிறார். அடியில் இரண்டு நீல வளையம் போட்ட வெள்ளைக் கோப்பையில் ஊற்றுகிறார். வளையங்கள் மங்குகின்றன. கென்ஜி பஸ் பரிசோதகர் டிக்கெட்டைப் பார்க்கிற முகத்தோடு மோந்து பார்க்கிறார்.)

கென்ஜி: ஜூஸ்.

ஹருகோ: 8 சதவீதம்.

கென்ஜி: 8 சதவீத ஜூஸ். (குடிக்கிறார். பேச்சு நிற்கிறது.) முதலில் தோல் மணம் மூக்கில் ஏறுகிறது. அப்புறம் புளிப்பு. புளிப்பு போனதும் அடியிலிருந்து அரிசியின் இனிப்பு மெதுவாக எட்டிப் பார்க்கிறது. கடைசியில் நாக்கின் ஓரத்தில் ஒரு சிறு கசப்பு.

ஹருகோ: ஜூஸ் என்றீர்கள்?

கென்ஜி: இது மனைவி சார்பில் குடித்தது. இனி என் சார்பில் ஊற்றுங்கள்.

(ஊற்றுகிறார். அது போன வேகத்தைப் பார்த்து ஹருகோ பாட்டிலை மூடி, தன் பக்கமாக நகர்த்திக்கொள்கிறார்.)

கென்ஜி: விலையைக் கொஞ்சம் குறைக்கக் கூடாதா?

ஹருகோ: உங்கள் பழத்தை ஒன்று நறுக்கிப் பாருங்கள். கொட்டைதான் நிறைய, சாறு கொஞ்சம். சரி, ஒரு வழி சொல்கிறேன். குடிக்கப் போகிறவர் குடிப்பதற்குச் சற்று முன்பு கலந்துகொண்டால் குற்றமில்லை. கோப்பையில் சாகேயை ஊற்றுங்கள், யூசு பிழியுங்கள், உடனே குடியுங்கள்.

கென்ஜி: (கண் மலர்ந்து) வீட்டில் 4 லிட்டர் கண்ணாடி ஜாடி இருக்கிறது. இனி அதுதான் என் கோப்பை!

ஹருகோ: உடனே குடித்துத் தீர்க்க வேண்டும் என்றேன்.

கென்ஜி: யாரிடம் சொல்கிறீர்கள்? அடியில் ஓட்டை போட்டு, விரலால் அடைத்துக்கொண்டு குடிக்கச் சொல்கிற பெகுஹாய் கோப்பை எந்த ஊருடையது? அதில் தெங்குப் பூதத்தின் முகம் போட்டதைக் கீழே வைத்தால் நீள மூக்கு தட்டிச் சாய்ந்துவிடும், குடித்து முடித்துத்தான் ஆக வேண்டும். எங்களுக்குக் குடிப்பதற்குச் சற்று முன்பைத் தவிர வேறு நேரமே கிடையாது.

ஹருகோ: முடிவாக என்னதான் வேண்டும்?

கென்ஜி: யூசு சாகே ஒன்று மனைவிக்கு. ஜுன்மாய் ஒன்று எனக்கு. ஷோச்சு ஒன்று சட்டத்துக்கு.

ஹருகோ: மூன்று பாட்டிலையும் தூக்கிக்கொண்டு கூடையை எப்படி எடுத்துப் போவீர்கள்?

கென்ஜி: அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், குளிக்க உதவும்.

ஹருகோ: அப்போது ஷோச்சுவில் எதை ஊற வைப்பீர்கள்?

கென்ஜி: என்னைத்தான்.