மூவாயிரம் அடியில் மூன்று ஸ்டால்

மனைவி: ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று ஸ்டால் போட்டுவிடலாம் என்று நேற்று இரவு தொலைபேசியில் நீங்கள் யாரிடமோ சொன்னதைக் கேட்ட பிறகுதான், ஆறு மாதத்தில் முதன்முறையாக நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

கணவர்: நிம்மதியாகவா? நீ நடுங்கிப் போவாய் என்றுதானே உன்னிடம் சொல்லாமல் இருந்தேன்!

மனைவி: நான் ஏன் நடுங்க வேண்டும்? என் சித்தப்பா ஒரே ஒரு ஸ்டால் வைத்துத்தான் இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தார். எடுத்த எடுப்பிலேயே மூன்று வேண்டுமா என்பது மட்டுமே என் கேள்வி.

கணவர்: ஒன்றோடு நிறுத்தினால் கை பழகாது. பயப்படாதே, பக்கத்திலேயே ஆசிரியர் இருப்பார். அதோடு, மூவாயிரம் அடிக்குக் குறைந்தால் அவர் சம்மதிக்கவே மாட்டார்.

மனைவி: மூவாயிரம் அடியா? பஜ்ஜிக் கடைக்கு எதற்கு அவ்வளவு இடம்? வாடகை யார் கொடுப்பது?

கணவர்: பஜ்ஜிக் கடையா? நான் சொல்வது விமானத்தின் ஸ்டால். மூக்கை மேலே தூக்கிக்கொண்டே போனால் வேகம் குறையும். ஒரு கோணத்துக்கு மேல் இறக்கையை ஒட்டி ஓடும் காற்று பிரிந்துவிடும். தூக்குவிசை குறைந்து விமானம் சட்டென்று மூக்கைக் கவிழ்க்கும். உடனே மூக்கைத் தாழ்த்தி, இன்ஜினுக்கு முழு விசை கொடுத்து மீள வேண்டும். விமானம் ஓட்டும் பயிற்சியில் அதைத்தான் பழகுகிறோம்.

மனைவி: ஆக, வானத்தில் வேண்டுமென்றே விழுந்து எழுந்திருப்பதற்கு ஒரு மணி நேரத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் கட்டுகிறீர்கள். பஜ்ஜிக் கடையே மேல்.

கணவர்: நாங்கள் பழகும் முறையில், வேகம் மணிக்குச் சுமார் 80 கிலோமீட்டருக்குக் குறையும்போதுதான் இது நடக்கும். அதற்கு முன்பே எச்சரிக்கை ஊதலும் கேட்கும்.

மனைவி: அந்த 80 கிலோமீட்டரில்தான் நீங்கள் புறவழிச்சாலையில் ஸ்கூட்டர் ஓட்டுகிறீர்கள், அதுவும் தலைக்கவசத்தைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு. அங்கே ஊதுவதற்கு நான்தான் இருக்கிறேன்; என் ஊதல் உங்கள் காதில் விழுவதில்லை.

கணவர்: அது வேறு. விமானத்தில் ஒழுங்கு உண்டு. ஏறுவதற்கு முன் சரிபார்ப்புப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றி வருவேன். தொட்டியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை ஒரு குப்பியில் வடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். எண்ணெய் அளவு பார்ப்பேன். இறக்கையின் ஒவ்வொரு கீலையும் அசைத்துப் பார்ப்பேன்.

மனைவி: போன வாரம் அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போனவரும் நீங்கள்தானே? இந்த வீட்டுக்கும் இரண்டு இறக்கை முளைத்தால், அதையும் ஒருமுறை சுற்றிப் பார்ப்பீர்கள் போலிருக்கிறது.

(பால் பொங்கிய விவகாரம் இத்துடன் மூன்றாவது முறையாக எழுகிறது. கணவர் வழக்கம்போலப் பேச்சை மாற்றுகிறார்.)

கணவர்: உண்மையைச் சொல். உனக்கு உயரம் என்றால் பயம். அதனால்தான் என் ஆசைக்குக் குறுக்கே நிற்கிறாய்.

மனைவி: இதைத்தான் உங்கள் நண்பர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். மனைவி ஒன்றை விரும்பவில்லை என்றால் அவளுக்குப் பயம் என்று முடிவு கட்டிவிடுவது ஆண்களுக்கு எவ்வளவு வசதி! கடந்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில், ஒவ்வொன்றிலும் விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பி இருட்டிய பிறகு வீடு திரும்பினீர்களே, மொத்தம் எவ்வளவு நேரம் பறந்தீர்கள்?

கணவர்: ஒரு மணி இருபது நிமிடம். முதல் வாரம் பனிமூட்டம். இரண்டாவது வாரம் ஓடுபாதைக்குக் குறுக்கே பலத்த காற்று. மூன்றாவது வாரம் விமானம், ஐம்பது மணி நேரம் பறந்ததும் செய்யும் பராமரிப்புக்குப் போய்விட்டது.

மனைவி: அந்த ஒரு மணி இருபது நிமிடத்தை நான் குறை சொல்லவே இல்லை. மீதி நேரமெல்லாம் கொட்டகை நிழலில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களே, அதை நம் மொட்டை மாடியில் செய்திருந்தால் காய்ந்த துணியையாவது எடுத்து வந்திருக்கலாம். எனக்கு உயரம் பயமில்லை, ஞாயிற்றுக்கிழமைதான் பயம்.

கணவர்: உரிமத்துக்கு 40 மணி நேரம் பறந்தாக வேண்டும். அது கையில் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

மனைவி: வந்த பிறகு என்ன சம்பாதிப்பீர்கள்?

கணவர்: தனியார் விமானி உரிமத்தை வைத்துக்கொண்டு கூலிக்கு ஓட்டக் கூடாது. கட்டணம் வாங்கி ஆள் ஏற்றவும் கூடாது.

மனைவி: தெருமுனை ஆட்டோக்காரருக்கு இருக்கிற உரிமைகூட உங்களுக்குக் கிடையாதா? பஜ்ஜிக் கடையே மேல்.

கணவர்: எல்லாவற்றையும் காசாலேயே அளக்காதே. 1910இல் இதே சென்னையில், பல்லாவரத்தில், சொந்தமாக ஒரு விமானத்தைக் கட்டுவித்துப் பறந்து காட்டினார் டி ஏஞ்சலிஸ். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு ஆண்டுகூட ஆகவில்லை. அன்றைக்கு அவர் கணக்குப் பார்த்துக்கொண்டா உட்கார்ந்திருந்தார்?

மனைவி: அவர் என்ன தொழில் செய்தார்?

கணவர்: மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் வைத்திருந்தார். கேக், மிட்டாய் வியாபாரமும் உண்டு.

மனைவி: அப்படிச் சொல்லுங்கள்! முதலில் கடை, பிறகு விமானம். நான் காலையிலிருந்து சொல்வதும் அதையேதான்.

கணவர்: (நெடுநேரம் கழித்து) சரி, உன்னை விட்டுவிட்டு நான் மட்டும் போவதுதான் குறை என்றால், உரிமம் வந்ததும் முதல் பயணியாக உன்னையே ஏற்றிக்கொள்கிறேன். நான் பழகும் செஸ்னா 152 விமானத்தில் இரண்டே இருக்கைகள்தான். இப்போதே கணக்குப் போட்டு வைத்துக்கொள்கிறேன், உன் எடை எவ்வளவு?

மனைவி: என்ன கேட்டீர்கள்?

கணவர்: விமானம், பெட்ரோல், நீ, நான், உன் கைப்பை எல்லாம் சேர்ந்து 757 கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கிளம்பவே கூடாது.

மனைவி: பதினோரு வருடத்தில் உங்கள் அம்மாகூடக் கேட்காத கேள்வி இது. வருகிறாயா என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை, எடை எவ்வளவு என்று கேட்கத் தோன்றுகிறது.

கணவர்: தவறுதான். வருகிறாயா?

மனைவி: வருகிறேன். எடையை மட்டும் சொல்ல மாட்டேன்; நீங்களே உத்தேசமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

கணவர்: உத்தேசம் என்றால், பாதுகாப்புக்காக ஒரு பத்து கிலோ கூட்டித்தான் எழுத வேண்டியிருக்கும்.

மனைவி: அப்படியானால் நான் வரவில்லை.