பழைய பதிவைத் திறந்து பாருங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருடம். வலைப்பூ தொடங்கி எட்டு மாதம் ஆகிறதாம். "அத்தே, அம்பத்தோரு பதிவு போட்டுக்கீறேன். ஒரு நாளைக்குப் பத்து பேரு கூட வர்றதில்ல. இன்னா பண்றது?" என்று கேட்டாள். அன்று அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். உள்பெட்டியிலும் இதே கேள்வியைப் பலர் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பாதி பாதியாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்க மனசு வரவில்லை.

நான் 2009-ல் எழுத வந்தவள். எங்க நயினா குடியாத்தத்தில் தறியில் லுங்கி நெய்தவர். நான் நூல் கடையில் கணக்கு எழுதுகிறேன். கடை அடைத்து வீட்டுக்கு வந்து, சாப்பாடு முடிந்த பிறகுதான் எழுத்து. அப்போது வாசகரைத் தேடி அலைய வேண்டியதில்லை. 2004-ல் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள், அதாவது பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் தளங்கள், இருந்தன. பதிவை இணைத்துவிட்டால் முகப்பில் தெரியும். அரை மணி நேரத்தில் நாலு பின்னூட்டம் விழும். பதிலுக்கு நாமும் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வருவோம். பிறகு 2013 ஜூலையில், பிடித்த வலைப்பூக்களை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரை மூடினார்கள், திரட்டிகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன, கூட எழுதியவர்களில் பாதிப் பேர் முகநூலுக்குக் குடிபெயர்ந்தார்கள். நானும் வந்தேன். இங்கே விருப்பக்குறி நூறு விழுகிறது, அதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் நான் எழுதியதை மூன்று மாதம் கழித்து நானே தேடினால் கிடைப்பதில்லை. அதனால் வலைப்பூவை விடவில்லை.

என் எண்ணம் இதுதான். வலைப்பூ வளர்வது புதுப் பதிவால் அல்ல, பழைய பதிவைப் பராமரிப்பதால். எனக்கு இது புரிந்த விதத்தைச் சொல்கிறேன்.

2014-ல் ஒரு பதிவு எழுதினேன். காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்கி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போவது எப்படி, பாகாயம் போகும் டவுன் பஸ் எங்கே நிற்கும், ஆட்டோவுக்கு எவ்வளவு கேட்பார்கள், விடியற்காலையில் இறங்கினால் எங்கே உட்காரலாம் என்று. அரை மணி நேரத்தில் எழுதியது, இலக்கியம் ஒன்றும் இல்லை. என் வலைப்பூவில் அதிகம் படிக்கப்பட்டது அதுதான். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனை அது. இன்றைக்கு எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருகிறார்கள். வங்காளியில் பலகை மாட்டிய லாட்ஜுகளை வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டின் தென்கோடியிலிருந்து நோயாளியோடு புறப்படுகிறவர்கள் முந்தின இரவு போனில் தேடுவார்கள். அப்படித் தேடியவர்களுக்கு என் பதிவு கிடைத்தது.

2022-ல் இரத்தினகிரி பக்கம் சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகம் திறந்தார்கள். இதயம், நரம்பு போன்ற சில துறைகள் அங்கே போய்விட்டன. அது எனக்குத் தெரியும், பேப்பரில் படித்தேன், ஊரில் எல்லோரும் பேசினார்கள். பதிவைத் திருத்த வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. மறு வருடம் ஒரு பின்னூட்டம் வந்தது. ஒரு மகன் எழுதியிருந்தார். அப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு. சீட்டில் இருந்த இடத்தைக் கவனிக்காமல், நான் எழுதியதை நம்பி ஊருக்குள் இருக்கும் பழைய மருத்துவமனைக்கு வந்திருக்கிறார்கள். அங்கே விசாரித்து, மறுபடி வண்டி பிடித்து, நெடுஞ்சாலை வழியாக இரத்தினகிரி போய்ச் சேர்வதற்குள் அன்றைய நேரம் தவறிவிட்டது. ஒரு ராத்திரி லாட்ஜில் தங்க வேண்டியதாயிற்று. அவர் என்னைத் திட்டவில்லை. "தேதி போட்டிருந்தால் உஷாராக இருந்திருப்போம், மேடம்" என்று மட்டும் எழுதியிருந்தார்.

அந்த ஒரு வரி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. நம்மை நம்பி ஒருவர் வயதான அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு தப்பான இடத்தில் போய் நிற்கிறார் என்றால், அடுத்த வாரம் எதைப் பற்றி எழுதலாம் என்று யோசிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

அந்த மாதம் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. இருந்த முன்னூற்றுச் சொச்சம் பதிவையும் வரிசையாகத் திறந்தேன். ஒவ்வொன்றின் தலையிலும் "கடைசியாகச் சரிபார்த்த நாள்" என்று ஒரு வரி சேர்த்தேன். செல்லாததை நீக்கினேன். ஒரே விஷயத்தை மூன்று தடவை எழுதியிருந்த இடங்களில் மூன்றையும் ஒன்றாக்கினேன். வேலை முடிய ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதத்தில் வாசகர் வருகை இரண்டு மடங்குக்கு மேல் போனது. முந்தின நாலு வருடத்தில் ஓடி ஓடி எழுதியும் நடக்காதது அது.

அண்ணன் மகளின் பதிவுகளையும் அன்றே உட்கார்ந்து பார்த்தோம். நன்றாகவே எழுதுகிறாள். ஆனால் விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயிலைப் பற்றிய பதிவுக்கு "நிழல் பேசும் காலம்" என்று தலைப்பு வைத்திருக்கிறாள். அந்தக் கோயிலில் நேரம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது. அரைவட்டமாகக் கோடு செதுக்கியிருக்கும். பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழும் கோட்டைப் பார்த்து மணி சொல்லலாம். அதைப் பார்க்க வருகிறவர் எதைத் தட்டித் தேடுவார்? "விரிஞ்சிபுரம் நேரம் காட்டும் கல்" என்றுதான் தேடுவார். "மதில் அழகு" என்றும் தேடலாம், விரிஞ்சிபுரம் மதிலழகு என்பது ஊர் அறிந்த பேச்சு. கவிதைத் தலைப்பைப் பதிவுக்குள் முதல் பத்தியில் வைத்துக்கொள்ளட்டும். வாசலில் ஊர்ப் பெயர் இருக்க வேண்டும். எழுதுகிறவர்களுக்கு இது கசக்கும் என்று தெரியும். எனக்கும் கசந்தது.

ஊர்ப் பெயர் என்றதும் இன்னொன்று. நம்ம பக்கத்துக்காரர்கள் இதில் நிறையக் கோட்டை விடுகிறோம். வட ஆற்காடு 1989-ல் பிரிந்தது. வேலூர் மாவட்டத்தை 2019 நவம்பரில் மறுபடி மூன்றாக்கினார்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டம், ஆற்காடும் வாலாஜாவும் ராணிப்பேட்டை மாவட்டம். ஆனால் பம்பாயிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து தேடும் அறுபது வயதுக்காரருக்கு எல்லாமே இன்னும் வட ஆற்காடுதான். அதனால் ஆம்பூரைப் பற்றி எழுதினால் இன்றைய மாவட்டம், பழைய மாவட்டம் இரண்டையும் இயல்பாக ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். ஆங்கில எழுத்தில் ஊர்ப் பெயரைத் தட்டுகிறவர்கள் ஆளுக்கொரு விதமாகத் தட்டுவார்கள். விரிஞ்சிபுரத்துக்கே நாலு எழுத்துக்கூட்டல் பார்த்திருக்கிறேன். இதெல்லாம் ஊகம் இல்லை. கூகுள் சர்ச் கன்சோல் என்று ஒன்றை இலவசமாகவே தருகிறார்கள். எந்தச் சொல்லைத் தேடியபோது நம் பதிவு கண்ணில் பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று அதில் இருக்கும். பலர் கண்ணில் பட்டும் யாரும் அழுத்தாத பதிவுதான் முதலில் திருத்த வேண்டிய பதிவு. வாரம் ஒரு தடவை அதைப் பார்த்தாலே போதும். தினமும் பார்த்தால் மனசு கெடும்.

நாள் கிழமையும் முக்கியம். குடியாத்தம் கங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி ஒன்றாம் தேதி. வெளியூரில் பிழைக்கப் போனவர்கள் சித்திரை பிறந்ததுமே தேட ஆரம்பிப்பார்கள். நான் பங்குனிக் கடைசியிலேயே அந்தப் பதிவைத் திறந்து அந்த வருடத்து விவரங்களைச் சேர்த்துவிடுவேன். கார்த்திகைக் கடைஞாயிறுக்கு விரிஞ்சிபுரம், ஜூலை பத்துக்கு 1806 வேலூர்ப் புரட்சி. அதற்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளே நிறைய வருகிறார்கள். திருவிழா அன்று படம் போடுவது முகநூலுக்குச் சரி. வலைப்பூவுக்கு அது தாமதம்.

பரப்புவதைப் பற்றிக் கேட்டாள். வாட்ஸ்அப்பில் இருக்கும் எல்லாக் குழுவிலும் இணைப்பைப் போட்டுக்கொண்டே இருக்கிறாளாம். வேண்டாம் என்றேன். யாராவது ஒரு கேள்வி கேட்கும்போது, அதற்குச் சரியான பதில் நம் பதிவில் இருந்தால், கொடுக்கலாம். அப்படிக் கொடுத்த இணைப்பு பத்து வீட்டுக்குப் போகும். இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது விதை எங்கே கிடைக்கும் என்று ஒரு மாடித் தோட்டக் குழுவில் கேட்டார்கள். நான் முன்பே அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் போய்ப் பார்த்து, விவசாயிகளிடம் பேசி எழுதி வைத்திருந்தேன். அன்று கொடுத்த ஒரே ஒரு இணைப்பு, இன்று வரை ஆட்களைக் கூட்டி வருகிறது. பிறகு, பக்கத்து ஊர் பதிவர்களுக்கு இணைப்புக் கொடுங்கள். நமக்குத் தெரியாததை அவர்கள் நன்றாக எழுதியிருந்தால் "இங்கே போய்ப் படியுங்கள்" என்று சொல்லுங்கள். திரட்டி காலத்துப் பழக்கத்தில் எனக்கு இன்னும் பிடித்தது அதுதான்.

காசு கொடுத்து வாசகர் வாங்காதீர்கள். ஒருவர் என்னிடம் ஆறாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு கூகுளில் முதல் இடத்தில் கொண்டுவருகிறேன் என்றார். எங்கெங்கோ இருக்கும் சூதாட்டத் தளங்களிலிருந்து இணைப்பு போட்டு வைத்தார். அதைக் கழுவி எடுக்க ஒரு வருடம் ஆனது.

விளம்பர வருமானம் பற்றியும் எல்லோரும் கேட்கிறார்கள். 2018-ல் கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் தமிழுக்கு வந்தது. பத்து டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள், நூறு டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்குப் பணம் வரும். எனக்கு முதல் நூறு சேரப் பத்தொன்பது மாதம் பிடித்தது. அந்தப் பணத்தை நயினா கையில் கொடுத்தபோது அவர் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். மறக்க முடியாத நாள். ஆனால் அதை நம்பி வேலையை விடாதீர்கள். அந்தப் பணத்தில் முதலில் வலைப்பூவுக்குச் சொந்த இணைய முகவரி வாங்குங்கள். கூகுள் இலவசமாகத் தரும் பிளாகரே என்றாலும் சொந்தப் பெயரில் முகவரி வைத்துக்கொள்ளலாம், வருடத்துக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் ஆகும். நாளைக்கு வேறு இடத்துக்குப் போனாலும் வாசகர் வழி தவற மாட்டார். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கி ஒரு பென்டிரைவில் வையுங்கள். புதுப் பதிவுகளை வாசகருக்கு மின்னஞ்சலில் அனுப்பி வந்த ஃபீட்பர்னர் 2021 ஜூலையில் அந்தச் சந்தாவை நிறுத்தியபோது, பட்டியலை இறக்கி வைத்திருந்ததால்தான் என் பழைய வாசகர்களை நான் இழக்கவில்லை.

அவள் கடைசியாகக் கேட்டது கொஞ்சம் கடினமான கேள்வி. "இப்ப கூகுள்ல கேட்டா மெஷினே மேல பதில் சொல்லிடுது. அப்பால யாரு அத்தே உள்ள வந்து படிப்பாங்க?" உண்மைதான். என் பதிவுகளிலும் சிலவற்றுக்கு வருகை குறைந்திருக்கிறது. கோயில் திறக்கும் நேரம், பஸ் கட்டணம் போன்றவற்றுக்கு இனி யாரும் உள்ளே வர மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் போன வாரம் கவுண்டன்யா ஆற்றங்கரையில் எந்தப் பக்கம் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், நேரம் காட்டும் கல்லுக்குப் போகும் வழியில் வெயிலில் கால் சுடுமா, வயதானவர்கள் உட்கார நிழல் இருக்கிறதா என்பது போய்ப் பார்த்தவருக்குத்தான் தெரியும். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறவருக்கு இன்னும் வேலை இருக்கிறது. ஐம்பத்தோரு பதிவில் நேரில் போய் எழுதியது எத்தனை என்று அவளைக் கேட்டேன். எண்ணிப் பார்த்துவிட்டு "ஒம்போது" என்றாள். அந்த ஒன்பதை மட்டும் வைத்துக்கொண்டு இந்த ஆறு மாதம் வேலை பார் என்று சொல்லியிருக்கிறேன்.

வருகிற ஞாயிறு அவளையும் கூட்டிக்கொண்டு காட்பாடியில் இறங்கி, இரத்தினகிரி வரைக்கும் ஒரு நோயாளி போகிற மாதிரியே போய்ப் பார்க்கப் போகிறேன். பஸ் நிற்கும் இடம், ஆட்டோ கேட்கும் காசு, குடிக்கத் தண்ணீர் கிடைக்கும் இடம் எல்லாவற்றையும் புதிதாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அண்மையில் அந்த வழியில் போனவர்கள் யாராவது இருந்தால், என் பதிவில் எது மாறியிருக்கிறது என்று கீழே எழுதுங்கள். சனிக்கிழமை ராத்திரிக்குள் சொன்னால் நல்லது.